பிரிட்டிஷ் சிப்பாய்களின் போர்ப் பதக்கங்களைச் சேகரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரி நிலையில் இல்லாத சாதாரணப் படைவீரர்களுக்குப் போர்க்காலச் சேவைக்காக வழங்கப்பட்ட பதக்கங்களைச் சேகரிக்க விரும்புவோருக்காக இக்கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பகுதி முதல் உலகப் போரைப் பற்றியது. ஏராளமாகக் கிடைப்பது, விலை கைக்கு எட்டுவது, பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பதக்கங்கள் அப்போருக்குரியவை என்பதே அதற்குக் காரணம்.

சேவைப் பதக்கமும் வீரப் பதக்கமும் ஒன்றா?

இல்லை. விக்டோரியா கிராஸ், 1854இல் தொடங்கப்பட்ட டிஸ்டிங்விஷ்டு காண்டக்ட் மெடல், 1916 மார்ச்சில் தொடங்கப்பட்ட மிலிட்டரி மெடல் போன்றவை குறிப்பிட்ட ஒரு வீரச்செயலுக்காக ஒருவருக்குத் தேர்ந்து வழங்கப்பட்டவை. சேவைப் பதக்கம் அவ்வாறானதன்று. குறித்த காலத்தில் குறித்த போர்க்களத்தில் இருந்த அனைவருக்கும், சமையல்காரர் முதல் தளபதி வரை, அது உரியது. அதனால்தான் அது மலிவு. என் கருத்தில், அதுவே அதன் சிறப்பும் ஆகும். வீரப் பதக்கம் பெற்றவரைப் பற்றி ஏற்கெனவே யாராவது எழுதியிருப்பார்கள். சேவைப் பதக்கம் மட்டும் பெற்ற சிப்பாயைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

சாதாரணச் சிப்பாய்க்குப் பதக்கம் தரும் வழக்கம் எப்போது தொடங்கியது?

பிரிட்டிஷ் அரசு எல்லாப் படிநிலையினருக்கும் ஒரே வகையான பதக்கத்தை வழங்கியது 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போருக்குப் பிறகுதான். வெள்ளியாலான அப்பதக்கம் ஏறத்தாழ 39,000 பேருக்கு அளிக்கப்பட்டது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டது. அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி தன் படையினருக்குப் பதக்கங்கள் கொடுத்திருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்காக பர்மிங்காமில் அடிக்கப்பட்ட பதக்கத்தில் ஒரு சிங்கம் புலியை அடக்கி நிற்கும். ஆனால் அது படிநிலைக்கேற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம், ஈயம் போன்ற வெள்ளீயம் என உலோகம் மாறி வந்தது. சிப்பாய்க்குக் கிடைத்தது எது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முதல் உலகப் போரில் பணியாற்றிய ஒரு சிப்பாய்க்கு என்னென்ன பதக்கங்கள் கிடைத்திருக்கும்?

அதிகபட்சமாகப் பொதுவில் மூன்று. முதலாவது ஒரு வெண்கல நட்சத்திரம். 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரையிலான காலத்தில் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியாற்றியவர்களுக்கு 1914 நட்சத்திரம் கிடைத்தது. அதைச் சேகரிப்பாளர்கள் மான்ஸ் நட்சத்திரம் என்பார்கள். இதன் எண்ணிக்கை ஏறத்தாழ 3,78,000. அதைத் தவறவிட்டு 1915 டிசம்பர் 31க்குள் ஏதேனும் ஒரு போர்க்களத்தில் கால் வைத்தவர்களுக்கு 1914-15 நட்சத்திரம். இது 23 லட்சத்துக்கும் மேல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாடாவும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஒன்றினுள் ஒன்று கரையும் அதே நாடாதான். நடுவில் குறுக்கே செல்லும் சுருள் வடிவப் பட்டையைப் பார்க்கவேண்டும். முன்னதில் 1914 என்ற ஆண்டுடன் ஆகஸ்ட், நவம்பர் மாதங்களும், பின்னதில் 1914-15 என்பதும் இருக்கும். ஒருவருக்கு இவற்றுள் ஒன்றுதான் கிடைக்கும்.

இரண்டாவது, பிரிட்டிஷ் வார் மெடல். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுபுறம் வில்லியம் மக்மில்லன் வடித்த குதிரைவீரர். ஆடையற்ற அந்த வீரரின் குதிரை எதிரியின் கழுகுச் சின்னம் கொண்ட கேடயத்தை மிதித்து நிற்கிறது. அருகே மண்டையோடும் எலும்புகளும் கிடக்கின்றன. சுமார் 65 லட்சம் வெள்ளிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மூன்றாவது, வானவில் நிறங்கள் இருபுறமும் விரியும் நாடாவில் தொங்கும் வெண்கல விக்டரி மெடல். சிறகு விரித்த வெற்றித் தெய்வம் முன்புறத்தில் நிற்கும். சுமார் 57 லட்சம்.

மூன்றும் சேர்ந்த தொகுதியை பிப், ஸ்குவீக், வில்ஃபிரெட் என்று செல்லமாக அழைப்பது வழக்கம். 1919இல் டெய்லி மிரர் நாளிதழில் தொடங்கிய சித்திரத் தொடரில் வந்த நாய், பெங்குவின், முயல் ஆகியவற்றின் பெயர்கள் அவை. நட்சத்திரம் இல்லாத இரட்டைக்கு மட் அண்ட் ஜெஃப் என்று பெயர். விற்பனைப் பட்டியல்களில் இப்பெயர்கள் விளக்கமின்றியே வரும்.

என்னிடம் ஒரே ஒரு பதக்கம்தான் இருக்கிறது. மற்றவை தொலைந்துவிட்டன என்று கொள்ளலாமா?

எந்தப் பதக்கம் என்பதைப் பொறுத்தது. நட்சத்திரம் பெற்றவருக்கு மற்ற இரண்டும் உண்டு. விக்டரி மெடல் பெற்றவருக்கு வெள்ளிப் பதக்கம் உண்டு. ஆகவே இவை தனியாகக் கிடைத்தால், தொகுதி எங்கோ உடைந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். வெள்ளிப் பதக்கம் மட்டும் தனித்து வழங்கப்பட்டிருக்கலாம். போர் நடக்காத இடத்தில் கடல்கடந்து காவல் பணி செய்தவர்களுக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. இந்தியாவுக்குக் காவற்படையாக அனுப்பப்பட்டு, போர் முடியும்வரை பாசறையிலேயே இருந்த டெரிட்டோரியல் (பகுதிநேரத் தன்னார்வ) படையினர் பலர் இவ்வகையினர். அவர்களுள் சிலருக்கு, போருக்கு முன்பே போதிய ஆண்டுகள் பணியாற்றியிருந்தால், டெரிட்டோரியல் ஃபோர்ஸ் வார் மெடலும் கிடைத்தது. சுமார் 34,000 மட்டுமே வழங்கப்பட்டதால் இப்போருக்கான பிரிட்டிஷ் பதக்கங்களுள் அதுவே மிக அரியது.

வெள்ளிப் பதக்கம் பல தொகுதிகளில் காணாமற்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் எடை ஏறத்தாழ ஓர் அவுன்ஸ். 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, பதக்கமாக விற்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்றாகிவிட்டது. எத்தனையோ பெயர்கள் அந்த உலைகளில் கரைந்தன. இன்று வெண்கல விக்டரி மெடல்கள் துணையின்றிக் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உலைதான் நினைவுக்கு வருகிறது.

விளிம்பில் உள்ள எழுத்துகளை எவ்வாறு படிப்பது?

சேகரிப்பின் உயிர்நாடி இதுதான். வெள்ளி, விக்டரி ஆகிய பதக்கங்களின் விளிம்பிலும், நட்சத்திரத்தின் வழவழப்பான பின்புறத்தில் மூன்று வரிகளாகவும் சிறிய அளவிலான ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் விவரம் பதிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் படும்படி வைத்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றினால், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து வரும். ஓர் எடுத்துக்காட்டு: முதலில் 15173 போன்ற ஓர் எண், அடுத்து 'பிடிஇ.', பிறகு பெயரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும், கடைசியில் 'இ. லான். ஆர்.' என்று இருக்கிறது எனக் கொள்வோம். ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமெண்ட் என்னும் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு பிரைவேட்டின், அதாவது கடைநிலைச் சிப்பாயின், பதக்கம் என்பது இதன் பொருள். பீரங்கிப் படையில் பிரைவேட்டுக்குப் பதில் 'ஜிஎன்ஆர்.' அதாவது கன்னர், பொறியியற் படையில் 'எஸ்பிஆர்.' அதாவது சாப்பர் என்று வரும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தையும் விடக்கூடாது. ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் என்னும் போக்குவரத்து, வழங்கல் படையின் பதக்கத்தில் 'எம்' என்றிருந்தால் மோட்டார் வண்டிப் பிரிவு, 'டி' (T) என்றிருந்தால் குதிரை வண்டிப் பிரிவு. சில தென்கிழக்கு இங்கிலாந்து ரெஜிமெண்டுகளில் 'ஜி' என்ற எழுத்து, போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவரைக் குறிக்கும். ஆறிலக்க எண் இருந்தால், 1917 தொடக்கத்தில் டெரிட்டோரியல் படையினருக்குப் புதிதாக எண் கொடுக்கப்பட்டபோது பெற்றதாக இருக்க வாய்ப்பு மிகுதி. படை முழுவதற்குமான பொதுவான எண்முறை 1920இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியே எண்ணிட்டுவந்தது. ஆகவே ஒரே எண் வெவ்வேறு ரெஜிமெண்டுகளில் பலருக்கும் இருக்கும்; எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தேடினால் தவறான வீட்டுக் கதவைத் தட்ட நேரிடும்.

விளிம்பு சொல்லாதவையும் உண்டு. ரெஜிமெண்டின் உட்பிரிவான பட்டாலியன் எது என்பது பொதுவாக அதில் இராது. லண்டன் ரெஜிமெண்ட் இதற்கு விலக்கு. ஒருவர் முதலில் எந்த ரெஜிமெண்டில் போர்க்களம் சென்றாரோ அதன் பெயரே பெரும்பாலும் பொறிக்கப்பட்டது; பின்னர் வேறொன்றுக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்திருந்தாலும் விளிம்பில் பழையதே இருக்கும். கல்லறையில் ஒரு ரெஜிமெண்டும் பதக்கத்தில் மற்றொன்றும் காணப்பட்டால் பதறவேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை: தரைப்படை அதிகாரிகளின் வெள்ளி, விக்டரி பதக்கங்களில் எண் இல்லை, ரெஜிமெண்டும் இல்லை, படிநிலையும் பெயரும் மட்டுமே. பொதுவான பெயர் கொண்ட ஒரு லெப்டினன்ட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சிப்பாயின் பதக்கமே ஆராய்ச்சியாளருக்கு அதிகம் பேசுகிறது. அதிகாரிகள் தங்கள் பதக்கத்தை விண்ணப்பித்துப் பெறவேண்டியிருந்தது. சிப்பாய்களுக்கு அவை கேளாமலே 1920களில் அஞ்சலில் வந்து சேர்ந்தன.

பெயருக்குரியவரின் வரலாற்றை எங்கே தேடுவது?

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆஃபீஸ், அதாவது போர் அமைச்சகம்) 372 என்ற வரிசையில் பதக்க அட்டைகள் இருக்கின்றன. சுமார் 50 லட்சம் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் பெயர், ரெஜிமெண்ட், எண், எந்தெந்தப் பதக்கத்துக்கு உரியவர் என்பவையும், 1915 முடிவதற்குள் களம் சென்றவராயின் முதன்முதலில் எந்தப் போர்க்களத்தில் எந்த நாளில் இறங்கினார் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். போர்க்களம் குறியீடாகவே இருக்கும். '2பி' என்றிருந்தால் துருக்கியின் கலிப்பொலி. ஓரத்தில் 'கேஐஏ' என்றிருந்தால் களத்தில் கொல்லப்பட்டார் என்று பொருள். படையை விட்டு ஓடியவர் பதக்கம் இழந்ததும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

அட்டையிலிருந்து டபிள்யூ.ஓ. 329 வரிசையில் உள்ள பதக்கப் பதிவேட்டுக்குச் செல்லவேண்டும். விளிம்பு மறைத்த பட்டாலியன் எண் பெரும்பாலும் இங்கே வெளிப்படும். முன்சொன்ன ஈஸ்ட் லங்காஷயர் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் 11ஆம் பட்டாலியன் என்று வந்தால், அது அக்ரிங்டன் பால்ஸ். ஒரே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து நண்பர்களாகவும் அண்டை வீட்டாராகவும் ஒன்றாகச் சேர்ந்த பட்டாலியன். 1916 ஜூலை 1 காலையில், பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் செர் கிராமத்தை நோக்கி நடந்த அவர்களுள் சுமார் 700 பேரில் 580க்கும் மேற்பட்டோர் அரைமணி நேரத்துக்குள் இறந்தனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் வீழ்ந்தவர்கள் மொத்தம் 57,470 பேர். அவர்களுள் இறந்தவர்கள் 19,240 பேர். பட்டாலியன் தெரிந்துவிட்டால் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் உள்ள போர்க்கள நாட்குறிப்பை எடுத்து, உங்கள் கையிலுள்ள பதக்கத்துக்குரியவர் எந்த நாளில் எந்தப் பதுங்குகுழியில் இருந்திருப்பார் என்று ஓரளவு பின்தொடர முடியும். சிப்பாய்களின் பெயர் அதில் அரிதாகவே வரும். மழையும் சேறும் சோறும் வரும்.

தனிநபர் பணிப்பதிவு கிடைக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 1940 செப்டம்பரில் லண்டனின் ஆர்ன்சைட் தெருவிலிருந்த கிடங்கின்மீது ஜெர்மானியக் குண்டு விழுந்து, ஏறத்தாழ 60 விழுக்காடு பதிவுகள் எரிந்துபோயின. எஞ்சியவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைக்கிறார்கள். ஓரம் கருகி, நீரில் நனைந்த அத்தாள்களை டபிள்யூ.ஓ. 363 வரிசையில் காணலாம். பதிவு எரிந்துபோன சிப்பாய்க்கு, பதக்கத்தின் விளிம்பும் அட்டையும் பதிவேட்டின் ஒரு வரியுமே படையில் இருந்ததற்கான சாட்சிகளாக எஞ்சி நிற்கின்றன. இறந்தவராக இருந்தால், 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம்.

'இறந்தவன் பென்னி' என்பது என்ன?

போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அனுப்பப்பட்ட வெண்கல நினைவுத் தகடு அது. 120 மில்லிமீட்டர் விட்டம். ஒரு தோசைத் திருப்பியின் அகலம் என்று கொள்ளலாம். எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வடிவமைத்த அத்தகட்டில் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா மாலை ஏந்தி நிற்க, சிங்கம் முன்னே நடக்கிறது. சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் அவன் இறந்தான் என்ற வாசகம் சுற்றி வருகிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. சுமார் 600 தகடுகளில் மட்டும் ‘அவன்’ என்பது ‘அவள்’ என்றிருக்கும்.

இத்தகட்டில் பெயர் மட்டும் உண்டு. படிநிலையும் எண்ணும் ரெஜிமெண்டும் இல்லை. சாவில் உயர்வு தாழ்வு கூடாது என்ற எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் சேகரிப்பவருக்கு இது இடர்ப்பாடு. ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒரு தகடு கிடைத்தால் அது எந்த ஜான் ஸ்மித் என்று சொல்ல வழியே இல்லை. எனவே பதக்கங்களோடும் கடிதங்களோடும் சேர்ந்து வரும் தகட்டையே நாடவேண்டும். தனியாக வாங்குவதானால், இறந்தோர் பட்டியலில் ஒருமுறை மட்டும் வரும் அரிய பெயராகப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் ஏன் பெயரின்றி இருக்கின்றன?

செலவு கருதி, பிரிட்டிஷ் அரசு அவற்றில் பெயர் பொறிக்கவில்லை. 1939-45 நட்சத்திரம், ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா, பசிபிக் முதலிய போர்க்கள நட்சத்திரங்கள், டிஃபென்ஸ் மெடல், 28 நாள் பணிக்கே உரிய வார் மெடல் ஆகியவை சிறு அட்டைப்பெட்டியில் அஞ்சல்வழி சென்றன. அதுவும் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே. பலர் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களுக்கோ அடுத்த உறவினருக்கோ இன்றும் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் வழங்குகிறது. முதல் உலகப் போருக்குரியவற்றை இப்போது வழங்குவதில்லை.

பெயரில்லாத பதக்கம் யாருடையதாகவும் இருக்கலாம். ஆகையால் அதை வாங்கும்போது பெட்டி, உறையின் முகவரி, பணிப்புத்தகம், புகைப்படம் ஆகிய துணைச்சான்றுகளுக்கே பணம் கொடுக்கிறீர்கள். அவை இன்றி ‘இது இன்னாருடையது’ என்ற கதையை மட்டும் நம்பி அதிக விலை தராதீர்கள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் படைகளுக்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் உண்டு.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இப்பதக்கங்கள் இருக்க வாய்ப்புண்டா?

நிச்சயமாக உண்டு. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி, 61ஆம் பயனியர்ஸ் என்னும் மதராஸ் பட்டாலியன்கள் 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா துறைமுகத்தைத் தாக்கித் தோற்ற படையில் இருந்தன. மதராஸ் சாப்பர்களும் பல களங்களில் பணியாற்றினார்கள். அவர்களுக்கும் இதே நட்சத்திரமும் வெள்ளிப் பதக்கமும் விக்டரி மெடலுமே. தொழிலாளர் படையில் சென்ற இந்தியர், சீனர், மால்டா நாட்டவர் முதலியோருக்கு மட்டும் வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் வார் மெடல் கொடுத்தார்கள், சுமார் 1,10,000. அன்று தாழ்வாகக் கருதி அளிக்கப்பட்ட அந்த வெண்கலம் இன்று வெள்ளியைவிட அதிக விலைக்குப் போகிறது.

பெயர்கள் ஆங்கில எழுத்தில், எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி இருக்கும். முனுசாமியும் கோவிந்தனும் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருப்பார்கள். எண்ணையும் படைப்பிரிவையும் முதன்மையாகக் கொண்டு தேடுவதே பயன்தரும். இரண்டாம் உலகப் போர்க்கால நட்சத்திரம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தியப் படையில் பெற்றதாயின் தாத்தாவின் எண்ணும் பெயரும் அங்கே இருக்கக்கூடும்.

போலியை எப்படி அறிவது?

மூன்று வகை ஏமாற்றுகள் உண்டு. முதலாவது, முழுப் போலி. அசலிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது உலோகம் சுருங்குவதால் அளவு சற்றுக் குறையும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் புள்ளிபுள்ளியாகக் குழிகள் தெரியும். சாதாரண வெள்ளிப் பதக்கத்தைப் போலி செய்வதில் லாபமில்லை. இரண்டாம் உலகப் போர் விமானப் படையினருக்குரிய ஏர் குரூ யூரோப் நட்சத்திரம் போன்ற விலையுயர்ந்தவற்றில்தான் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, அசல் பதக்கத்தில் பெயரை அராவி எடுத்துவிட்டு, புகழ்பெற்ற ரெஜிமெண்ட் ஒன்றின் பெயரைப் புதிதாகப் பொறிப்பது. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நானே இப்படி ஒன்றை வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது. கைக்கு வந்த பிறகு விளிம்பின்மீது கட்டைவிரலை ஓட்டியபோது ஓரிடத்தில் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. வெர்னியர் காலிப்பரில் குறுக்காகப் பல இடங்களில் அளந்தேன். ஓரிடத்தில் 36 மில்லிமீட்டர், பெயருள்ள இடத்தில் அதைவிடக் குறைவு. எழுத்துகளும் அச்சால் அழுத்தியவையாக இல்லாமல் கருவியால் கீறியவையாக இருந்தன. அதை இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாக வருபவர்களின் விரலில் அந்தப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

மூன்றாவது, அசலோடு உரிமையில்லாத ஒன்றைச் சேர்ப்பது. 1914 நட்சத்திரத்தின் நாடாவில், எதிரியின் குண்டுவீச்சுக்கு உட்பட்ட இடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் 1919இல் அனுமதிக்கப்பட்ட தேதிப் பட்டை தைக்கப்பட்டிருக்கும். அப்பட்டையின் நகல்கள் மலிவாகக் கிடைப்பதால் எல்லா நட்சத்திரங்களிலும் தைத்துவிடுகிறார்கள். பட்டையை உற்றுப் பார்ப்பதைவிட, அந்த வீரருக்கு அது உரியதா என்று அட்டையிலும் பதிவேட்டிலும் பார்ப்பதே முடிவான சோதனை.

விலை எதனால் ஏறுகிறது?

பெயரால். ஒரே நாளில் ஒரே எந்திரத்தில் அடிக்கப்பட்ட இரு விக்டரி மெடல்களுள், பின்தளக் கிடங்கில் பணிபுரிந்தவருடையது குறைந்த விலைக்குப் போகும்; சோம் போரின் முதல் நாளில் இறந்தவருடையது பல மடங்குக்குப் போகும். முழுத் தொகுதி, உடைந்த தொகுதியைவிட உயர்வு. இறந்தவர், புகழ்பெற்ற பட்டாலியன், அரிய சிறு பிரிவு, பெண் செவிலியர் ஆகியவை விலையை உயர்த்தும் மற்ற காரணங்கள். சாவுக்கு விலை கூடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நான்கு ஆண்டுகள் முழுவதும் களத்தில் நின்று உயிரோடு திரும்பி, ஊரில் பால் ஊற்றிப் பிழைத்தவரின் தொகுதி ஏன் மலிவாக இருக்கவேண்டும் என்பதற்குச் சந்தையிடம் பதில் இல்லை. தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இது நல்வாய்ப்பு என்பதையும் மறுக்கமுடியாது.

பதக்கத்தைத் துலக்கலாமா?

கூடாது. பூசையறைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தைப் பதக்கத்திடம் காட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் குதிரைவீரரின் முகமும் விளிம்பின் எழுத்தும் கரைகின்றன. கறுத்த வெள்ளி பழுதன்று. தூசியை மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ரப்பர் பட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். கடற்கரை ஊர்களில் அப்பொட்டலத்தை அடிக்கடி மாற்றவேண்டும். பழைய நாடா நைந்திருந்தாலும் அதை எறியாதீர்கள். காட்சிக்குப் புது நாடா மாட்டினாலும், பழையதை ஓர் உறையிலிட்டுப் பதக்கத்தோடு வைத்திருங்கள். மார்பில் ஊசி குத்திய தழும்பு அதில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கும் விற்பதற்கும் அணிவதற்கும் சட்டத் தடை உண்டா?

பிரிட்டனில் வாங்கவும் விற்கவும் தடையில்லை. இறந்த முன்னோரின் பதக்கங்களை உறவினர் வலப்பக்க மார்பில் அணிவது அங்குள்ள மரபு. சேகரிப்பாளர் அணிந்துகொள்வது அநாகரிகம். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத, வரலாற்றுச் சிறப்புள்ள பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதை எட்டிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியும் அஞ்சல் தாமதமும் சேரும். விற்பனையாளரிடம் பொருளின் விவரத்தைத் தெளிவாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரு ரெஜிமெண்ட், அல்லது ஓர் ஊர், அல்லது ஒரு குடும்பப் பெயர் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஓராண்டில் பெட்டி நிறையும், ஒன்றுமே தெரியாது. 1942இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஆர்டர்ஸ் அண்ட் மெடல்ஸ் ரிசர்ச் சொசைட்டி போன்ற சங்கங்களின் உறுப்பினர்கள் ஐயங்களுக்குப் பொறுமையாகப் பதிலளிப்பார்கள். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. வாங்காவிட்டாலும் அவற்றைப் படித்துவந்தால் கண் பழகும்.

பதக்கத்துக்குரியவரின் பேரப்பிள்ளை கேட்டால் கொடுத்துவிடவேண்டுமா?

சட்டப்படி கட்டாயமில்லை, ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யவேண்டியது. நான் வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவேன். அதற்கு முன் அட்டை, பதிவேடு, நாட்குறிப்பின் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் இட்டுப் பதக்கத்துடன் சேர்த்துத் தருவேன். உடைந்த தொகுதியின் மற்றொரு பாதி இன்னொரு சேகரிப்பாளரிடம் இருப்பது தெரியவந்தால், யார் யாருக்கு விற்பது என்று பேசித் தீர்த்து ஒன்றாக்கிவிடவேண்டும் என்பதும் என் கொள்கை. இதுவரை அப்படி ஒருமுறைதான் வாய்த்தது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட வெள்ளியையும் வெண்கலத்தையும் மேசைமேல் அருகருகே வைத்தபோது, எவ்வளவு பணம் கொடுத்தேன் என்பதை நண்பர் கேட்கவில்லை. பெயரைத்தான் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார்.